புளி போட்டு விளக்கிய டைனமோ

பால்சாமி லேத்துக்கு ஒட்டின கடை என்னுடையது. பருத்திக்கொட்டை, கடலைப் பிண்ணாக்கு, தவிடு, கோழித்தீவனம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், டவுன் முடிந்து கரிசல் ஆரம்பிக்கிற இடம். இரும்பைச் சீவுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாதிக் காது போய்விட்டது. மிச்சக் காதால் கேட்டதையும் கண்ணால் பார்த்ததையும்தான் சொல்கிறேன். நடுவில் என் வாயும் கொஞ்சம் நீளும். ராமசுப்பு கடைக்குத் தவிடு வாங்க வந்தவன் தவிட்டோடு மட்டும் திரும்பிப் போனதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவுனில் லேத்துப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பால்சாமியிடம் இருப்பது வேறு ரகம். எங்கேயோ பட்டாளத்துப் பட்டறையில் கழித்து ஏலம் விட்டதை எடுத்து வந்தான். அதனால் அதற்குப் பெயரே 'பட்டாளத்தான்'. மற்ற லேத்துகளில் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் பெல்ட்டைக் கழற்றி வேறு புல்லியில் போட வேண்டும், இல்லையென்றால் கியரைத் தள்ள வேண்டும். இரண்டு வேகத்துக்கு நடுவில் ஒரு வேகம் கேட்டால் கிடைக்காது. பட்டாளத்தானுக்கு முன்பக்கம் பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி ஒரு குமிழ்தான். ஆமை மாதிரி ஊர வேண்டுமா, திருகு. பம்பரமாய்ச் சுற்ற வேண்டுமா, இன்னும் திருகு.

இது எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பால்சாமிக்குச் சோறு தண்ணி வேண்டாம். கேட்டவர் கையில் இருக்கிற டீ ஆறி ஆடை கட்டிவிடும். நான் பக்கத்துக் கடைக்காரன், எனக்கு மனப்பாடம்.

"அண்ணாச்சி, இவன் வயித்துக்குள்ள மூணு பேரு ஒரே அச்சுல உக்காந்துருக்காய்ங்க. மொதல் ஆளு நம்ம ஈபி கரண்டுல ஓடுற மோட்டாரு. அவனுக்கு ஒரே வேகந்தான், கூட்டவும் தெரியாது கொறைக்கவும் தெரியாது. அவன் சுத்துற சுத்துல பெரிய டைனமோவும் சுத்தும், கடைசில ஒரு சின்ன டைனமோவும் சுத்தும். பெரிய டைனமோ போடுற டிசி கரண்டுலதான் மேல இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கைச் சுத்துற மோட்டாரு ஓடுது. அந்தக் கரண்டைக் கூடக் குடுத்தா சக்கு வேகமாச் சுத்தும், கொறைச்சுக் குடுத்தா மெதுவாச் சுத்தும். மெதுவாச் சுத்துனாலும் பிடி தளராது, அதுதான் விசேசம்."

"சின்ன டைனமோ எதுக்கு?"

"அவதான்யா ஆத்தா! அவ கொஞ்சங் கரண்டு போட்டுப் பெரிய டைனமோவுக்கும் மேல் மோட்டாருக்கும் காந்தத்தை ஊட்டுனாத்தான் இதுகளுக்கு உசுரே. பெரிய டைனமோவுக்குக் காந்தத்தைக் கூட்டுனா வேகம். இன்னும் வேகம் வேணுமா, மேல் மோட்டாரோட காந்தத்தைக் கொஞ்சம் தளத்தணும். வேகம் கூடும், இழுவை கொறையும். சுத்தமா விட்டுட்டா மூக்கணாங்கயிறு அறுந்த காளைதான், சக்கோட பறந்துரும்."

இவ்வளவுதான் படிப்பு. இதற்கு மேல் எனக்கும் தெரியாது, கதைக்கும் வேண்டாம்.

பால்சாமி பெண்டாட்டி தங்கத்தாய். நரிக்குடிப் பக்கம் ஆவாரனேந்தலில் பிறந்தவள். வாய்க்கும் பஞ்சமில்லை, கைக்கும் பஞ்சமில்லை. அவள் தேய்த்த கரிச்சட்டியில் முகம் பார்த்துத் தலைசீவலாம். ஆயுதபூஜை வந்தால் பட்டறை அவள் கைக்குப் போய்விடும். இந்த வருஷமும் அப்படித்தான். காலையில் பால்சாமி லேத்து வயிற்றின் மூடிகளையெல்லாம் கழற்றி, காற்றடித்துத் தூசி நீக்கிவிட்டு, பூசணிக்காயும் பொரியும் வாங்க பஜாருக்குப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் இவள் தரையைக் கழுவி, ஸ்பானரையெல்லாம் துடைத்து, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கி, மூடிகளையும் மாட்டிவிட்டாள்.

சாயங்காலம் பூஜை. தங்கத்தாய் பொட்டு வைக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். சக்கு, குமிழ், ஸ்விட்ச், உளி, எண்ணெய்க் கேன், என் கடைத் தராசு, கடைசியில் என் நெற்றி.

"ஆத்தா, நான் ஆயுதமில்ல."

"அண்ணாச்சி வாயைவிடப் பெரிய ஆயுதம் எது? நில்லுங்க, சந்தனம் வடியுது."

பூசணிக்காய் உடைபடவும் கிழக்கே மின்னவும் சரியாக இருந்தது. அப்புறம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. என் கடையில் தவிட்டு மூட்டைகள் நனைந்துபோயின. ஒரு வார்த்தை திட்டவில்லை. இந்தச் சீமையில் மழையைத் திட்டினவன் வாய் அழுகிப்போகும்.

விடிந்து தூறல் நின்றிருந்தது. சுண்டலைச் சூடு பண்ணி, வாழையிலைத் துண்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். மறுபூஜைக்குக் கற்பூரம் எடுத்து வைத்திருந்தாள் தங்கத்தாய். அப்போதுதான் டிராக்டர் ஒன்று சேறும் சகதியுமாக வந்து வாசலில் நின்றது. ஓட்டி வந்தது அவளுடைய அண்ணன் கருத்தப்பாண்டி. பின்னால் டிரெயிலரில் ஆவாரனேந்தல் கண்மாய்க்கு மடை பார்க்கிற இருளாண்டி, ஈரச் சாக்கில் எதையோ சுற்றி, கைக்குழந்தையை வைத்திருக்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, லேத்தைப் போடு!"

"வாங்க மச்சான். என்ன இந்நேரத்துல? எறங்கிச் சுண்டல் சாப்புடுங்க."

"சுண்டலுக்கா வந்தேன்? கம்மாய் போகுது மாப்ளே, கம்மாய் போகுது!"

தங்கத்தாய் இலையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "என்னண்ணே சொல்றே? கரை ஒடைஞ்சிருச்சா?"

"கரை ஒடைஞ்சிருந்தா விதின்னு விட்ருவேனே. மடைதான். மடைக்குள்ள தூர் எடுக்கிறதுக்குப் பலகையைத் தூக்கி வச்சிருந்தோம். ராத்திரி பேஞ்ச மழைக்கு ஓடையெல்லாம் ஒண்ணாச் சேந்து கம்மாய் நெறஞ்சு நிக்குது தாயி. அய்யனார் கோயில் படி முழுக்க முங்கிருச்சு. நம்ம அப்பா காலத்துல பாத்ததுக்கப்பறம் இப்பத்தான் பாக்கேன். பலகையை எறக்கலாம்னு சக்கரத்தைச் சுத்துனா, நட்டுக்குள்ள மரை செத்துப்போச்சு. சக்கரம் சும்மா சுத்துது, தண்ணி அழுத்துற அழுத்துல பலகை அப்பிடியே எறுகி நிக்குது. வந்த தண்ணி வந்த வழியாப் போயிக்கிட்டிருக்கு."

"மூட்டை போட்டு அடைக்கலையா?" என்றேன் நான்.

"போடாம? மணல் மூட்டை, கருவேல முள்ளு, வைக்கோல் எல்லாம் போட்டாச்சு. ஊரு எளவட்டமெல்லாம் முங்கி அணைச்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க. தண்ணி இழுக்கிற இழுப்புக்கு மூட்டை நிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. பொழுது சாயறதுக்குள்ள பலகை எறங்கலேன்னா கம்மாயில மீனு பிடிக்கத்தான் தண்ணி கெடக்கும். இந்த வருசமும் நெல்லு இல்ல. ஊரே மறுபடி சித்தாள் வேலைக்குக் கெளம்பணும்."

இருளாண்டி சாக்கைப் பிரித்தார். உள்ளே தேங்காய்ப் பருமனில் ஒரு வெண்கல நட்டு. பக்கத்தில் அதே மரை போட்ட ஒரு முழ இரும்புத் தண்டு. "இது தூந்துபோன பழைய மடையோட தண்டு, தம்பி. ரெண்டு மடைக்கும் ஒரே மரைதான். அளவுக்கு ஆகும்னு அறுத்துக் கொண்டாந்தேன்" என்றார்.

பால்சாமி நட்டுக்குள் விரலை விட்டுத் தடவினான். "மரை மழுங்கிச் சோத்துப்பானை மாதிரி ஆயிருச்சு. சதுர மரை. ஒரு சுத்துக்கு அரை இஞ்சு நகரும். மச்சான், டவுன்ல பூராப் பேரும் பூசையைப் போட்டுப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டான். அவன் இருந்தாலும் இதை வெட்ட முடியாது. ஒரு சுத்துக்கு அரை இஞ்சு உளி ஓடணும். அவனுக லேத்து ஆக மெதுவா ஓடுனாலும், நிறுத்துறதுக்குள்ள உளி பாஞ்சு சக்குல முட்டிரும். நம்ம பட்டாளத்தான்தான் தவழ்ந்து போவான்."

"அப்பப் போடு மாப்ளே, பாத்துக்கிட்டிருக்கியே!"

மூலையில் பழைய கரும்பாலைப் புஷ் ஒன்று கிடந்தது, நடுவில் துளை போட்ட கன்மெட்டல் உருளை, வெண்கல ஜாதி. அதை உருட்டி வந்து சக்கில் பிடித்தான். தங்கத்தாய் கற்பூரத்தைக் காட்டினாள். பால்சாமி ஸ்விட்சைப் போட்டான். வயிற்றுக்குள் மோட்டார் கும்மென்று ஓடியது. குமிழைத் திருகினான். சக்கு அசையவில்லை. இன்னும் திருகினான். கடைசிவரை திருகினான். மாலை போட்ட சக்கு, மாப்பிள்ளை முறுக்கில் உட்கார்ந்திருந்தது.

"என்ன மாப்ளே?"

"இருங்க மச்சான்."

அணைத்துப் போட்டான், போட்டு அணைத்தான். ஃபியூஸைப் பார்த்தான். பக்க மூடியைத் திறந்து, சின்ன டைனமோவின் கம்பி இரண்டையும் கழற்றி, சோதனை பல்பு வைத்துப் பார்த்தான். கடைசியில் குனிந்து அந்தச் சின்ன டைனமோவின் முன்மூடியைக் கழற்றினான். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே தகதகவென்று மின்னியது. எனக்கு நல்லாத்தான் தெரிந்தது.

அங்கேதான் விஷயம். டைனமோவின் ஓரத்தில் செம்புக் கீற்றுகளை வளையமாக அடுக்கி ஒரு உருளை இருக்கும். கம்முட்டேட்டர் என்பார்கள். கீற்றுக்குக் கீற்று நடுவில் நூல் கனத்தில் பள்ளம். ஒரு கீற்றுக் கரண்டு அடுத்த கீற்றுக்குத் தாவக்கூடாது என்பதற்காக. மேலே கரிக்கட்டை உரசி உரசிக் கரண்டை எடுக்கும். ஓட ஓட செம்பின்மேல் கருப்பட்டி நிறத்தில் ஒரு படலம் படியும். அதுதான் அதற்குத் தோல். அந்தத் தோல் இருக்கிற வரைக்கும் கரிக்கட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், பொறி பறக்காது. இப்போது அந்தத் தோலையே காணோம். பள்ளத்திலெல்லாம் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. பால்சாமி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"புளி" என்றான்.

எல்லோரும் தங்கத்தாயைப் பார்த்தோம்.

"எவடி இதை வெளக்குனது?"

"இந்த வீட்டுல வெளக்குறவ எத்தனை பேரு இருக்கா? நான்தான்."

"எதுக்குடி?"

"கறுத்துக் கெடந்துச்சு. பொறந்ததுலருந்து தேய்க்காத குத்துவெளக்கு மாதிரி. சாமி கும்புடுற நாளும் அதுவுமா அப்பிடியேவா விடுறது? நீங்கதான மூடியைக் கழத்திப் போட்டுட்டுப் போனீக."

"பெரிய டைனமோ?"

"புளி தீந்துபோச்சு."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடாத நேரம். கருத்தப்பாண்டி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியிலேயே தொண்டைக்குள் போய்விட்டது.

"புளி ஈரத்துல கீத்துக்குக் கீத்து கரண்டு தாவிக்கிட்டு உள்ளயே சுத்துதுடி. ஆத்தாளே செத்துக் கெடந்தா பிள்ளைகளுக்கு யாருடி பால் ஊட்டுறது?" பால்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

கருத்தப்பாண்டி தங்கச்சியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். "பொறந்த ஊருக் கம்மாயில புளியைக் கரைச்சு ஊத்திட்டியே தாயி" என்று மட்டும் சொன்னார். தங்கத்தாய்க்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கு அவளைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கருத்தப்பாண்டியின் செல்போன் அடித்தது. அவர் சம்சாரம் கோகிலாம்பாள், கண்மாய்க் கரையிலிருந்து. காற்றும் தண்ணீர்ச் சத்தமும் இங்கே வரைக்கும் கேட்டது.

"என்னங்க, நட்டு ஆச்சா? கோயில் மேல்படி வெளிய தெரிஞ்சிருச்சு. பொம்பளைக நாங்களும் மண்ணு சொமக்கிறோம். பயக கையெல்லாம் வெறைச்சுப்போச்சுங்க. சீக்கிரம் வாங்க."

தங்கத்தாய் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"ஏங்க, தின்னர் எங்க இருக்கு?"

"நீ சும்மா இரு. இன்னும் எதையாச்சும்..."

"தேச்சவ நானு, எடுக்குறவளும் நானு. எப்பிடி எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. அண்ணாச்சி, உங்க கடை விளக்கமாத்தைக் கொண்டாங்க, ஈர்க்குக் குச்சி வேணும். இருளாண்டி மாமா, சுண்டல் இருக்கு, சாப்புடுங்க. நீங்க பட்டினி கெடந்தா தண்ணி நிக்குமா?"

கோணியை விரித்து லேத்துக்கு அடியில் படுத்துக்கொண்டாள். பழைய பல் தேய்க்கிற பிரஷ், தின்னர், ஈர்க்குக் குச்சி. ஒவ்வொரு பள்ளமாகக் குச்சியை விட்டு இழுத்தாள். பழுப்புக் குழம்பாகப் புளி வந்தது. துடைத்தாள், அடுத்த பள்ளம். பால்சாமி அச்சைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தான். "அழுத்தாதே. செம்பு கீறிரும். ம், அப்பிடித்தான். அந்த மூலையில இன்னுங் கொஞ்சம் இருக்கு." எனக்குத் தெரிந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சண்டை போடாமல் பேசினது அன்றைக்குத்தான். கருத்தப்பாண்டி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் டீயும் காராச்சேவும் வாங்கி வந்தேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நடந்து நடந்து பாதியைத் தரைக்குக் கொடுத்தார்.

பள்ளமெல்லாம் சுத்தமானதும் காற்றடித்துக் காயவைத்தார்கள். பால்சாமி கரிக்கட்டைகளை உட்காரவைத்து, கழற்றின கம்பிகளை மாட்டினான். ஸ்விட்ச். கும்மென்ற சத்தம். பால்சாமி மீட்டரைப் பார்த்தான். முள் எழுந்திருக்கிற மாதிரி ஒரு துடி துடித்து மறுபடி படுத்துக்கொண்டது. குமிழைத் திருகினான். சக்கு அசையவில்லை.

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான். "ஒட்டுக் காந்தம் போயிருச்சு அண்ணாச்சி."

"அது என்னப்பா புதுசா?"

"லேத்தை நிறுத்துனாலும் அந்த இரும்புல கொஞ்சம் காந்தம் ஒட்டிக்கிட்டிருக்கும். பெருங்காயம் வச்ச டப்பாவுல பெருங்காயம் தீந்தாலும் வாசம் இருக்குல்ல, அந்த மாதிரி. அந்த வாசத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் சின்ன டைனமோ மறுநாள் தானாக் கெளம்பும். அது எப்பிடிப் போச்சுன்னுதான் தெரியல. புளிக்கு அந்தக் காந்தம் போகாதே!"

மறுபடி போன். "அடுத்த படியும் தெரிஞ்சிருச்சுங்க" என்றாள் கோகிலாம்பாள். அவ்வளவுதான் சொன்னாள். வைத்துவிட்டாள்.

கருத்தப்பாண்டி இருளாண்டியைப் பார்த்தார். "கெளம்புவோமா? அங்க போயி மூட்டையாவது சொமப்போம்." இருளாண்டி நட்டைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார்.

தங்கத்தாய் இன்னும் கோணியில்தான் கிடந்தாள். டார்ச்சை அடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏங்க" என்றாள்.

"என்ன?"

"இங்க ஒரு கம்பிக்குப் பொட்டு வச்சேன். நேத்து மூடியை மாட்டுறதுக்கு முந்தி. கையெட்டுன பக்கத்துக் கம்பிக்கு வச்சேன். அந்தக் கோடிக் கம்பிக்குக் கை எட்டல, விட்டுட்டேன்."

"இப்ப அதுக்கு என்ன?"

"பொட்டு வச்ச கம்பி இப்ப அந்தக் கோடில இருக்கு."

பால்சாமி ஸ்டூலிலிருந்து எழுந்து, படுத்து, பார்த்தான். எழுந்தபோது முகத்தில் அசடு வழிந்தது.

"கம்பி மாறிப்போச்சு" என்றான் முணுமுணுப்பாக. "தலைகீழாக் குடுத்தா இருக்கிற காந்தத்தையும் அழிச்சிரும்."

"மாட்டுனது யாரு?"

"அவசரத்துல..."

"கேக்கல. அண்ணாச்சிக்குத்தான் காது மந்தம், எனக்குமா மந்தம்?"

"நான்தான்டி! நான்தான் மாத்தி மாட்டுனேன்! போதுமா?"

"போதும். இப்ப அந்தக் காந்தத்தை எங்க போயி வாங்குறது, அதைச் சொல்லுங்க."

பால்சாமி வாசலைப் பார்த்தான். டிராக்டரைப் பார்த்தான். அவன் முகத்தில் பல்பு எரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "மச்சான்! டிராக்டர் பாட்டரியைக் கழத்துங்க!"

கருத்தப்பாண்டி ஏன் எதற்கென்று கேட்கவில்லை. இருளாண்டியும் அவரும் பாட்டரியைத் தூக்கி வந்து வைத்தார்கள். பால்சாமி கம்பிகளைச் சரியான பக்கத்தில் மாற்றினான். காந்தச் சுருளுக்குப் போகிற இரண்டு கம்பிகளில் பாட்டரியைப் பிடித்தான். "பொட்டு வச்சது எந்தக் கம்பி?" "இதுதான்" என்று தொட்டுக் காட்டினாள் தங்கத்தாய். "அப்ப அதுக்குத்தான் பிளஸ்ஸு." ஒரு தொடல்தான். எடுக்கும்போது பட்டென்று ஒரு பொறி பறந்தது. "கொஞ்சங் காந்தம் கண்டா போதும். மிச்சத்தை அவளே சம்பாதிச்சுக்குவா" என்று பாட்டரியைத் தள்ளி வைத்தான்.

ஸ்விட்சைப் போட்டான். கும். மீட்டர் முள் துடித்தது. படுக்கவில்லை. கொஞ்சம் ஏறியது, நின்று யோசித்தது, பிறகு சரசரவென்று ஏறி, அது வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றது. கரிக்கட்டைக்கு அடியில் நீலமாகச் சின்னப் பொறி. "தோல் இல்லாத ஒடம்பு, கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்றான் பால்சாமி. குமிழைத் திருகினான்.

சக்கு சுற்றியது. அடேயப்பா! கழுத்தில் செவ்வந்தி மாலையோடு, புதுமாப்பிள்ளை மணவறையைச் சுற்றுகிற மாதிரி மெதுவாக, அம்சமாகச் சுற்றியது. தங்கத்தாய் குலவை போட்டாள். நானும் ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கருத்தப்பாண்டி தரையில் வைத்திருந்த மிச்ச டீயையும் காலால் தட்டிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மேல் இருந்த சேறு பூராவும் என் வெள்ளைச் சட்டைக்கு வந்தது. வரட்டுமே, சட்டைதானே.

அதற்கப்புறம் பால்சாமியோடு யாரும் பேசவில்லை, பேசவும் விடமாட்டான். முதலில் மாலையைக் கழற்றிவிட்டு, கன்மெட்டலைக் கடைந்து, நடுவில் துளையைப் பெருக்கினான். அப்போது வேகம் வேண்டும், குமிழைக் கூட்டினான். மஞ்சள் தூள் மாதிரி துகள் பறந்து அவன் மீசையெல்லாம் பொன்னாகியது. பிறகு உள்மரை. குமிழைக் குறைத்துக் குறைத்து, சக்கு சுற்றுகிறதா நிற்கிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்குக் கொண்டுவந்தான். உளி இருட்டுத் துளைக்குள் போனது. ஒரு சுற்று, அரை இஞ்சு. மறுசுற்று, இன்னொரு அரை இஞ்சு. எவ்வளவு மெதுவாகப் போனாலும் உலோகத்தைக் கடித்த கடியை விடவில்லை. மறுமுனை வந்ததும் நிறுத்தி, உளியை விலக்கி, சக்கைத் திருப்பிச் சுற்றவிட்டுப் பின்னால் கொண்டுவந்தான். ஒரு மயிரிழை ஆழம் கூட்டி மறுபடி உள்ளே. தங்கத்தாய் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டாள். அவன் கண்ணை எடுக்காமல் கையை நீட்டினால் என்ன வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்தது.

வெயில் ஏறி இறங்க ஆரம்பித்தது. பால்சாமி துகளை ஊதிவிட்டு இருளாண்டியிடம் கையை நீட்டினான். அவர் அந்த ஒரு முழத் தண்டைக் கொடுத்தார். எண்ணெய் தடவி வாயில் வைத்துத் திருகினான். உள்ளே போனது. சத்தமே இல்லை. விட்டுவிட்டான். தண்டு தன் எடையில் தானே சுற்றிக்கொண்டு வழுக்கி இறங்கியது. இருளாண்டி இரண்டு கையையும் எடுத்துப் பட்டாளத்தானைப் பார்த்துக் கும்பிட்டார்.

பாட்டரியை டிராக்டரில் மறுபடி மாட்டினார்கள். "நானும் வாரேன்" என்று தங்கத்தாய் டிரெயிலரில் ஏறினாள். பால்சாமி ஏறினான். யாரும் கூப்பிடாமல் நானும் ஏறிக்கொண்டேன். கடையை யார் பூட்டினது என்று கேட்காதீர்கள். திருச்சுழி தாண்டினதும் ரோட்டோரப் பள்ளமெல்லாம் தண்ணீர். கருவேலங்காட்டு முள்ளில்கூட ஈரம் மின்னியது. நட்டு தங்கத்தாய் மடியில் இருந்தது.

கண்மாய்க் கரையில் ஊரே நின்றது. மடையிலிருந்து தண்ணீர் போகிற இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. இளவட்டங்கள் உதடு நீலம் பாரித்து, மூட்டைகளை அணைத்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். அய்யனார் கோயில் படியில் ஈரத் தடம் போட்டிருந்த இடத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. ஆனால் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. இன்னும் கண்மாய் கண்மாயாகத்தான் இருந்தது.

இருளாண்டி நட்டைத் தண்டில் ஏற்றி, சக்கரத்தோடு பூட்டி, போல்ட்டை முடுக்கினார். ஆட்கள் சக்கரத்தைப் பிடித்தார்கள். முதல் சுற்றில் தண்டு முனகியது. இரண்டாவதில் மடைப்பலகை அசைந்தது. "எறங்குது! எறங்குதுலே!" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான். சுற்றுக்கு அரை இஞ்சு. நான் பக்கத்திலிருந்து பார்த்த அதே அரை இஞ்சு. இறங்க இறங்க இரைச்சலின் குரல் மாறியது, மெலிந்தது, சீறியது.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் கருத்தப்பாண்டி ஆட்களை நிறுத்தினார். "தாயி, இங்க வா. இதை நீ சுத்து."

"நானா? புளி கரைச்சவளாச்சே நானு."

"பொட்டு வச்சவளும் நீதான். வா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தாள். கோகிலாம்பாளும் வந்து கை கொடுத்தாள். நாத்தனாரும் மதினியுமாகப் பல்லைக் கடித்துச் சுற்றினார்கள். பலகை அடியில் போய் உட்கார்ந்த அதிர்வு என் உள்ளங்காலில் தெரிந்தது. இரைச்சல் நின்றுவிட்டது.

காலையிலிருந்து அந்தச் சத்தத்திலேயே நின்றவர்கள், அது நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கரை முழுக்கக் குலவை. எனக்குப் பாதிக் காதுதான் என்று சொன்னேனே, அன்றைக்கு இரண்டு காதும் கேட்டது. பால்சாமியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அவன் வேட்டியைப் பிடித்துக்கொள்வதா, வேண்டாமென்பதா என்று தெரியாமல் தவித்தான்.

தங்கத்தாய் இடுப்பிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துப் புது நட்டுக்குப் பொட்டு வைத்தாள்.

"ஏங்க, இந்தா பாத்துக்கங்க, கெழக்குப் பக்கம் வச்சிருக்கேன். அப்பறம் மாத்தி மாட்டிறாதீக."

"நட்டுக்குக் கெழக்கேது மேக்கேதுடி? புளியை மட்டும் கொண்டாராதே" என்றான் பால்சாமி தோள் மேலிருந்து.

ஊர் சிரித்து முடிப்பதற்குள் கிழக்கே இடித்தது. காலையில் அந்த இடியைக் கேட்டிருந்தால் எல்லோரும் மடையைப் பார்த்து ஓடியிருப்பார்கள். இருளாண்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடைச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, மடியிலிருந்த சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வரட்டும், வரட்டும்" என்றார்.